ஆறு உள்ளே வந்த அறை

எங்கள் முடுக்கு வண்ணார்பேட்டைப் பெரிய ரோட்டில் தொடங்கி ஆற்றில் போய் முடியும். ரோட்டு முனையில் நின்றால் பஸ் ஹாரனும் துணிக்கடை விளம்பரமும்தான் காதில் விழும். நாலு வீடு தாண்டினால் அதெல்லாம் பைய அடங்கிவிடும். கடைசி வீடு எங்களுடையது. பின்வாசலைத் திறந்தால் தாமிரபரணி.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் ஆற்றில் முங்கியவள், பெருவெள்ளம் வந்த வருஷம் வரைக்கும் முங்கிக்கொண்டே இருந்தேன். காய்ச்சல், பிள்ளைப்பேறு, வீட்டில் சாவுத் துட்டி என்று விட்ட நாட்கள் போக மற்ற நாளெல்லாம் ஆறுதான்.

படித்துறையை ஒட்டி ஒரு கல் மண்டபம் உண்டு. நாலு பக்கமும் சுவர், கரைப்பக்கம் ஒரு வாசல். ஈரச்சேலையை மாற்றப் பெண்களுக்கு இருந்த ஒரே இடம் அதுதான். வாசலில் நன்றாகக் குனிந்து நுழைய வேண்டும். உள்ளேயும் தலை இடிக்கும். அந்தக் காலத்து ஆட்கள் குட்டையாக இருந்திருப்பார்கள் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். என் மாமியார் அப்படித்தான் சொன்னாள், நானும் என் மருமகளுக்கு அப்படியே சொன்னேன்.

மண்டபத்துக்குக் கதவு கிடையாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வாசலில் ஒரு சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்க்காமல் ஆற்றையோ கரையையோ பார்த்து நிற்பாள். இதற்கு மறைப்பு என்று பெயர். உள்ளே இருப்பவள் தெரிந்தவளா, எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்பதில்லை. மாற்றிவிட்டு வெளியே வந்தவள் அந்தச் சேலையைக் கையில் வாங்கி அடுத்தவளுக்குப் பிடிப்பாள். கடைசியாக வந்தவள் யாருக்காவது பிடிக்காமல் போகக் கூடாது. ஆள் வரும் வரைக்கும் நிற்பாள். ‘உபகாரம்’ என்றோ ‘நல்லாயிரு’ என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது கூச்சமாகிவிடும்.

நான் ஆள் முன்னால் வாய் திறக்காதவள். ரேஷன் கடையில் என் முறையை வேறு ஒருத்தி எடுத்துக்கொண்டாலும் சரி, போகட்டும் என்று நின்றுவிடுவேன். ஆனால் அந்தச் சேலை மறைப்புக்குள் நான் கூச்சப்பட்டதே இல்லை.

வெள்ளம் வடிந்து பார்த்தபோது மண்டபம் வாசல் உச்சி வரைக்கும் வண்டலால் அடைத்துக் கிடந்தது. ஒரு பூனை நுழைகிற இடைவெளிதான் மிச்சம். பெண்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். எல்லார் வீட்டிலும் குளியலறை இருக்கிறதே. நான் ஒருநாள் பிடிவாதமாகப் போய் முங்கிவிட்டு ஈரச்சேலையோடு வீட்டுக்கு நடந்தேன். கரையில் டீக்கடைப் பெஞ்சில் இருந்த ஆண்கள் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அன்றோடு நானும் நின்றுவிட்டேன்.

“யத்தே, வாளி நெறைய வெந்நீர் வச்சிருக்கேன், போயி குளிங்க” என்பாள் மருமகள். “ஆத்துல அப்படி என்னத்த கண்டிய? ஆத்து மீனுக்கும் ஒங்களுக்கும் என்ன பேச்சுவார்த்த?”

அவளுக்கு வாய் சும்மா இருக்காது. எனக்கும் சேர்த்து அவளே பேசுவாள். வெந்நீரில் குளித்தேன். உடம்பு நனைந்தது, அவ்வளவுதான். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சாவதற்குள் மறுபடியும் ஆற்றில் முங்க வேண்டும், யார் கண்ணிலும் படாமல் சேலை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

தண்ணீர் வற்றிய ஒரு பங்குனி ஞாயிற்றுக்கிழமை மருமகள் பின்வாசலில் இருந்து கூப்பிட்டாள்.

“யத்தே, இங்கன வாங்க. மண்டபத்துல ஒரு பட்டாளம் நிக்கி. தொப்பி போட்ட ஒரு அம்மா, கூட மேலப்பாளையத்துப் பள்ளிவாசல் பசங்க, பாளையங்கோட்டைச் சர்ச்சு பசங்க, காலேசுப் பிள்ளைக. எல்லாரும் மம்பட்டியும் கையுமா நிக்குதாவ.”

“எதுக்காம்?”

“மண்ண அள்ளப் போறாவளாம். பழைய கட்டடத்தையெல்லாம் பாதுகாக்க ஒரு அறக்கட்டளை இருக்காம். அவிய இந்தப் பசங்க சங்கம் மூணையும் கூட்டுச் சேத்திருக்காவ.”

“சும்மாவா அள்ளுதாவ?”

“சும்மாதான். டீயும் வடையும் உண்டாம். எங்க வீட்டுல ஒருத்தர் தன் தட்டக்கூட எடுத்து வைக்க மாட்டேங்காரு.” அது என் மகனைச் சொன்னது.

தொப்பி போட்ட அம்மா அந்த அறக்கட்டளையின் பொறியாளர். மெட்ராஸ்காரி, நாற்பது வயது இருக்கும். யாரையும் அதட்டாமல் வேலை வாங்கினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் வந்தார்கள். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் மருமகள் கையில் ஒரு குடம் தண்ணீர் கொடுத்தனுப்பினேன். பிறகு நானே எடுத்துப் போய் வைத்துவிட்டு, யாராவது பேசுவதற்குள் திரும்பிவிடுவேன்.

பாளையங்கோட்டைப் பையன்கள் ஆராதனை முடிந்து நேராக வருவதால் தேய்த்த சட்டையோடு வருவார்கள். மேலப்பாளையத்துப் பையன் ஒருவன் விடமாட்டான்.

“ஏலே, இன்னிக்கு ஒனக்கு நிச்சயதார்த்தமா? சகதி அள்ள வெள்ளச் சட்டையா போட்டுட்டு வாரது?”

“வீட்டுக்குப் போயி மாத்தினா எங்கம்மா திரும்ப விட மாட்டா வே. நீரு சோலியப் பாரும்.”

வெள்ளைச் சட்டைக்காரன் அதைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட்டு இறங்குவான். மதியம் தொழுகை நேரம் வந்தால் மேலப்பாளையத்துப் பையன்கள் ஆற்றில் கை கால் கழுவி மேல்படியில் வரிசையாக நிற்பார்கள். மற்றவர்கள் அது முடியும் வரைக்கும் மண் அள்ளும் சட்டிகளைத் தூக்கிப் போடாமல் சத்தமில்லாமல் கை மாற்றிக்கொள்வார்கள். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

விரிசல் அடைக்கச் சிமெண்டு தொடக் கூடாது என்று பொறியாளர் சொல்லிவிட்டாள். சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துத்தான் கலவை. “கலவையில போடச் சொன்ன கருப்பட்டிய ஒருத்தன் வாயில போடுதான் மேடம்” என்று மூன்று சங்கத்திலிருந்தும் வந்த பெண்பிள்ளைகள் புகார் சொல்வார்கள். “செவுத்துக்கு மட்டுந்தான் பலம் வேணுமா” என்பான் அவன்.

வாசல் மண்ணை எடுத்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளம் கொண்டுவந்த வண்டல் முழுவதும் போய், நாங்கள் காலங்காலமாக மிதித்த பழைய தரை தெரிந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். பொறியாளர் கடப்பாரையால் குத்திப் பார்த்துவிட்டு, “இதுவும் மண்ணுதான், இன்னும் போகுது, தோண்டுங்க” என்றாள். அடுத்த ஞாயிறும் தோண்டினார்கள். அதற்கடுத்த ஞாயிறும் தோண்டினார்கள். வாசல் நிலைக்கல் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அடிக்கல் தட்டுப்பட்டபோது, கூட்டத்திலேயே உயரமான காலேஜ் பையன் வாசலில் போய் நிமிர்ந்து நின்றான். கையைத் தூக்கினான். அப்போதும் மேல்கல் எட்டவில்லை.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்போ அந்தக் காலத்து ஆளுக குட்டை இல்லையா?”

“ஆளு குட்டை இல்லக்கா. நாமதான் மண்ணு மேல ஏறி நின்னிருக்கோம்” என்றான் அந்தப் பையன்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யானை நுழைகிற மாதிரி ஒரு வாசல், அதன் உச்சியில் இத்தனை வருஷம் கூனிக் குறுகி நுழைந்திருக்கிறேன். எனக்கு முன்னால் என் மாமியாரும் அப்படித்தான் நுழைந்தாள், அவள் மாமியாரும்தான். காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

உள்ளே தரைக்குப் பதிலாகப் படிகள் இருந்தன. அறைக்குள்ளேயே இறங்குகிற படிகள். அவற்றின் அடியில், ஆற்றுப்பக்கச் சுவரில், பழைய செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்த ஓர் ஓட்டை. சாக்கடையாக இருக்கும் என்றான் ஒருவன். பாம்பு வரும் என்று எந்தக் காலத்திலோ அடைத்திருப்பார்கள் என்றான் இன்னொருவன். பொறியாளர் செங்கல்லைத் தொட்டுப் பார்த்து, இது பிற்பாடு அடைத்தது, பைய ஒவ்வொன்றாக எடுங்கள் என்றாள்.

அன்றைக்கு நான் குடத்தோடு வாசல் வரைக்கும் போயிருந்தேன். கடைசிச் செங்கல் வரிசையை அசைத்தபோது தண்ணீர் பீறிட்டு உள்ளே வந்தது. பையன்கள் சட்டியையும் கடப்பாரையையும் போட்டுவிட்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்து மேலே ஓடிவந்தார்கள்.

“தொலஞ்சோம் லே, செவுத்த ஒடச்சிட்டோம்.”

“நான் அப்பவே சொன்னேன் வே, பைய தட்டும்னு.”

“யாரும் பேசாதீங்க, தண்ணியப் பாருங்க” என்றாள் பொறியாளர்.

தண்ணீர் படி படியாக ஏறியது. இடுப்பளவு வந்ததும் ஆற்று மட்டத்துக்குச் சமமாகி அப்படியே நின்றுவிட்டது. கலங்கல் மெல்ல அடங்கியது. அந்த ஓட்டையில் சன்னல் கம்பி மாதிரி கல்லாலேயே கம்பிகள் செதுக்கியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஆறு அதன் வழியாக உள்ளே வரும், ஆளை அடித்துக்கொண்டு வெளியே போக முடியாது. பாதி கம்பி தண்ணீருக்குள், பாதி வெளியே. வெளியே இருந்த பாதியில் வெயில் நுழைந்து தண்ணீரில் பட்டு மேற்கூரைக்கு ஏறியது.

மேலே பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். கூரைக் கல்லில் மீன்கள் செதுக்கியிருந்தார்கள். நான் தலை இடித்த கூரைதான் அது. கரியும் சுண்ணாம்பும் பூசிக் கிடந்ததைப் போன ஞாயிறுதான் பெண்பிள்ளைகள் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். கழுவியபோதும் அது வெறும் கல் மீன்தான். இப்போது கீழே தண்ணீர் ஆட ஆட வெளிச்சம் ஆடியது. வெளிச்சம் ஆட ஆட மீன்கள் நீந்தின. செதிலும் வாலும் அசைந்தன. கூட்டமாக ஆற்றை எதிர்த்துப் போயின.

அத்தனை பேரும் அண்ணாந்து நின்றோம். மருமகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கருப்பட்டி தின்கிற பையன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

இது துணி மாற்றுகிற இடம் மட்டும் இல்லை, பெண்கள் குளிக்கிற அறையாகவே கட்டியிருக்கிறார்கள் போல என்று பொறியாளர் மெதுவாகச் சொன்னாள். என்னைப் போலப் படித்துறையில் இறங்கக் கூச்சப்பட்ட ஒருத்தி என்றைக்கோ இருந்திருக்கிறாள். அவளை ஒருவர் கவனித்திருக்கிறார். நீ ஆற்றுக்குப் போக வேண்டாம், ஆறே உன்னிடம் வரட்டும் என்று கல்லில் செய்து வைத்திருக்கிறார். அண்ணாந்து பார்க்க மீனையும் விட்டிருக்கிறார். கட்டியவர் பெயர் எங்கேயும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை எனக்கு. சந்தோஷத்தில்தான்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான் நின்றது. அடுத்த ஞாயிறு மருமகள் சேதி கொண்டுவந்தாள்.

“கம்பிக் கதவு போட்டு வெளிப்பூட்டு பூட்டப் போறாவளாம். கம்பி வழியா பாத்துட்டுப் போயிரணுமாம்.”

“குளிக்க?”

“குளிக்கவாம்ல. நல்லா கேட்டிய.”

பொறியாளர் சொன்ன காரணம் தப்பு இல்லை. படித்துறையைப் பார்த்தாலே தெரியும். காரியம் செய்ய வருகிறவர்கள் விட்டுப்போன வேட்டி சேலை, ஷாம்பு பாக்கெட், சோப்புத் தாள். திறந்து போட்டால் இந்த அறையும் அப்படி ஆகிவிடும், மறுபடி அடைத்துக்கொள்ளும். சங்கத்துப் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்து ஆட்களையும் படியில் உட்காரவைத்து, “உங்க அபிப்பிராயத்தச் சொல்லுங்க” என்று கேட்டாள். பையன்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். பூட்டு நல்லது என்றார்கள் பாதிப்பேர்.

மருமகள் என் விலாவில் இடித்தாள். “சொல்லுங்கத்தே. வீட்டுல பொலம்புனத இங்கன சொல்லுங்க.”

பொறியாளர் என் பக்கம் திரும்பினாள். “சொல்லுங்கம்மா.”

எல்லார் முகமும் என்னைப் பார்த்தது. தலையை ஆட்டினேன், சரி என்றா வேண்டாம் என்றா என்று எனக்கே தெரியாது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன்.

அன்றைக்குக் கடைசி வேலையாக அறையின் அடிச்சேற்றைப் பெண்பிள்ளைகள் வாரியிருந்தார்கள். தலை முதல் கால் வரைக்கும் சகதி, அதன் மேல் சுண்ணாம்பு. பையன்கள் வேலை முடிந்ததும் வழக்கம்போலச் சட்டையைக் கழற்றிவிட்டு ஆற்றில் குதித்துவிட்டார்கள். பிள்ளைகள் கரையில் நின்றார்கள். ஒவ்வொரு வாரமும் இவர்கள் இப்படியேதான் ஆட்டோவில் போவார்கள், சீட்டில் பேப்பர் விரித்த பிறகுதான் டிரைவர் உட்கார விடுவார்.

மேலப்பாளையத்துப் பிள்ளை ஒருத்தி, தலையில் போட்ட துணி எது முகம் எது என்று தெரியாத அளவுக்குச் சேறு, பொறியாளரிடம் கேட்டாள். “மேடம், அவனுவ எல்லாம் குளிக்கானுவ. நாங்க எங்கன குளிக்க?”

பொறியாளர் ஆற்றைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள்.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கொடியில் காய்ந்த என் சேலையை எடுத்து வந்து, மண்டப வாசலில் நின்று இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, முகத்தைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டேன். வாசல் இப்போது உயரமாகிவிட்டதால் கையை நன்றாகத் தூக்க வேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளைக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு என் கைக்கடியில் குனிந்து உள்ளே போனாள். படியில் காலடிச் சத்தம். தண்ணீருக்குள் இறங்குகிற சத்தம். அப்புறம் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஏட்டி, மீனு என் மேல நீந்துதுட்டி.”

மருமகள் வீட்டிலிருந்து மாற்றுத் துணிகளை அள்ளி வந்து உள்ளே நீட்டினாள், மற்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வெளியே வந்த பிள்ளையின் கையில் சேலையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “நான் பிடிக்கணுமா ஆச்சி?” என்றாள். தலையை ஆட்டினேன். பிடித்தாள். அடுத்தவள் குளித்து வந்து அவளிடம் வாங்கினாள். மேலப்பாளையத்துப் பிள்ளைக்கு அடுத்து சர்ச்சுப் பிள்ளை, அவளுக்கு அடுத்து காலேஜ் பிள்ளை என்று சேலை கை மாறிக்கொண்டே போனது. ஆற்றில் நின்ற பையன்கள் சத்தத்தை அடக்கி, அக்கரைப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்கள். டீக்கடை ஆட்கள் திரும்பியபோது வந்த வருத்தம் இதில் எனக்கு வரவில்லை. ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

கடைசிப் பிள்ளை சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்து ஆள் இல்லை. ஆள் வரும் வரைக்கும் நிற்க வேண்டும் என்று மருமகள் சொல்லியிருந்தாள். அவள் பொறியாளரைப் பார்த்து, “மேடம், நீங்க போகலேன்னா நான் இங்கனயே நிக்கணும்” என்றாள்.

பொறியாளர் முகத்திலும் சுண்ணாம்புதான். தொப்பியைக் கழற்றி என் மருமகள் கையில் கொடுத்தாள். உள்ளே போனாள்.

வெகுநேரம் வரவில்லை. பிறகு உள்ளேயிருந்து, “அந்த அளவு டேப்ப யாராவது உள்ள போடுங்க” என்றாள். குளிக்கப் போனவள் எதற்கு டேப்பு கேட்கிறாள் என்று நாங்கள் முழித்தோம். வெளியே வந்தபோது தலை நனைந்து கண்கள் பெரிதாக இருந்தன.

“நிலைக்கல்லுல உள்பக்கம் ரெண்டு குழி இருக்கு, பாத்திருக்கேன். கல்லு தேஞ்சிருக்குன்னு விட்டுட்டேன்” என்றாள், யாரிடம் என்று இல்லாமல். “தண்ணிக்குள்ள நின்னுட்டு, யாராவது பாக்கறாங்களான்னு வாசலத் திரும்பிப் பாத்தேன். அப்பத்தான் புரிஞ்சது. ரெண்டு குழியும் ஒரே மட்டம். குறுக்குக் கட்ட போடற குழி. மேலயும் கீழயும் கதவு சுத்தற குழியும் இருக்கு. இதுக்குக் கதவு இருந்திருக்கு. அத உள்ள இருக்கறவங்கதான் அடைச்சிருக்காங்க. வெளிய இருந்து பூட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல.”

எல்லாரும் வாசலுக்குள் எட்டிப் பார்த்தோம். குழிகள் இருந்தன. இடுப்பு உயரத்தில், கை நுழைகிற அளவில், விளிம்பு வழுவழுப்பாக. எத்தனை பெண்கள் கட்டையைத் தள்ளித் தள்ளி அது அப்படித் தேய்ந்ததோ. அந்த வழுவழுப்பில் விரலை வைத்தேன். என்னையறியாமல் கும்பிட்டேன்.

அப்புறம்தான் பொறியாளருக்கு நினைவு வந்தது, சேலை அவள் கையில் இருந்தது. என் முன்னால் வந்து நின்றாள். சேலையை விரித்துப் பிடித்து, முகத்தைக் கரைப்பக்கம் திருப்பினாள். தப்பாமல் செய்தாள்.

நான் படியில் இறங்கினேன். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. முங்கினேன். ஆறு காதை அடைத்துக்கொண்டு பழைய மாதிரியே இரைந்தது. எழுந்து கண்ணைத் திறந்தால் மேலே மீன்கள். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, வெளியே யாரும் அவசரப்படுத்தவில்லை.

கம்பிக் கதவு வரவில்லை. பூவரச மரத்தில் ஒரு கதவும் குறுக்குக் கட்டையும் செய்து அந்தப் பழைய குழிகளிலேயே பொருத்தினார்கள். சோப்பு, ஷாம்பு உள்ளே ஆகாது என்று பெண்பிள்ளைகள் பேசி வைத்தார்கள். அதற்கு வெளியே ஒரு கல் போட்டிருக்கிறது. மூன்று சங்கத்துப் பிள்ளைகளும் முறை வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கம்பியில் சிக்கின துணியை எடுத்துப் போடுகிறார்கள். மேலப்பாளையத்துப் பிள்ளையின் முறை வந்தால், வேலை முடிந்து கட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போய் ரொம்ப நேரம் இருப்பாள்.

நான் காலையில் போகிறேன். கட்டையை நானே தள்ளிப் போடுகிறேன். நேற்றுக் குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் வாசலில் என் மருமகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

“கதவுதான் இருக்கே, நீ என்னத்துக்கு நிக்கே?”

“சும்மா நிக்கேன்” என்றாள், திரும்பாமல். “மாத்தியாச்சா? அப்பம் நவுருங்க. நான் போகணும்.”

உள்ளே போய்க் கட்டையைப் போட்டுக்கொண்டாள். நான் வாசலில் கரையைப் பார்த்து நின்றேன்.